பழைய கம்ப்யூட்டர் பற்றி நீ கேட்டதற்குப் பதில்

சாமு,

போன ஞாயிறு நீயும் பெனிட்டாவும் சாப்பிட வந்திருந்தபோது, மாடி அறையில் நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, இத அப்கிரேட் பண்றதா, இல்ல மொத்தமா புதுசா போடறதா? நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்." ஒரு வாரம் டைம் கொடு என்றேன். இன்று வெள்ளிக்கிழமை. பதில் செவ்வாய்க்கிழமையே தயாராகிவிட்டது. போனில் இரண்டு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் கடையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால், பதிலுக்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அது ஒன்பது வருஷமாக இருக்கிறது. போனில் ஆரம்பித்தால் பாதியில் நீ மீட்டிங் என்று வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நானே பேச்சை மாற்றிவிடுவேன். நான் மாற்றிவிடுவேன் என்பதுதான் உண்மை. இத்தனை வருஷம் வியாபாரம் செய்தவனுக்குப் பேச்சை மாற்றவா தெரியாது? எழுதினால் மாற்ற முடியாது. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். உட்கார்ந்து படி.

முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் நான் சோறு தின்றிருக்கிறேன். முடிச்சூர் ரோட்டுக் கடைக்குத் தண்ணீர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற யாரும் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணா, காயில் கட்டி ஓட்டலாமா, புதுசே வாங்கிடலாமா?" ஊரப்பாக்கத்தில் மனைகள் விழுந்து வீடுகள் எழும்ப ஆரம்பித்த காலத்தில், மொபெட்டின் பின்னால் மோட்டாரைக் கட்டிக்கொண்டு, எங்கெல்லாம் போர் போடும் சத்தம் கேட்கிறதோ அங்கெல்லாம் போய் நின்று விற்றவன் நான். அப்போது கற்றுக்கொண்டதுதான் கடைசி வரை உதவியது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். புதுசுக்கு ஆசைப்படுகிறவருக்குப் பழசைப் பற்றி நம் வாயால் ஒரு குறை வேண்டும். செலவுக்குப் பயப்படுகிறவருக்குப் பழசைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வேண்டும். புதுசு விற்றால் எனக்கு லாபம் கூடுதல், அதை யாரிடமும் மறைத்ததில்லை. ஆனாலும் மோட்டாரைத் திறந்து பார்க்காமல் ஒருவரிடமும் "புதுசு வாங்குங்க" என்று சொன்னதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு திருட்டு உண்டு. மோட்டார் சுற்றாமல் வெறுமனே முனகினால் பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சின்ன டப்பா. அதை மாற்றினால் ஓடும். திருட்டு மெக்கானிக் அதைச் சொல்லமாட்டான். "உள்ள காயில் மொத்தமா கருகிடுச்சு சார்" என்பான். வாடிக்கையாளர் உள்ளே எட்டிப் பார்க்கவா போகிறார்? நல்ல மோட்டாரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிப் போவார். இந்த வேலையைச் செய்த இரண்டு மெக்கானிக்குகளை நான் கடையை விட்டே அனுப்பியிருக்கிறேன். கடைக்கு வந்த ஒருவருக்கும் நான் அதைச் செய்ததில்லை. வீட்டில் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. அந்தப் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு பெனிட்டாவிடம் சொன்னாய்: "இந்த மதர்போர்டு கிராபிக்ஸ் கார்ட எரிக்கற போர்டு. ஆக்சுவலா போர்டு மேலயும் தப்பு இல்ல, என் கை அப்படி. நான் தொட்டா புகைதான்." அவள் சிரித்தாள். "அதான் ஃபேன் ரெகுலேட்டர் மாத்தக்கூட எலெக்ட்ரிஷியன கூப்பிடறீங்களா?" என்றாள். உன் அம்மாவும் சிரித்தாள். நீ என் பக்கம் திரும்பி, "புதுசு போட்டா கடையிலயே மாட்டித் தரச் சொல்லிடலாம்பா, நான் தொட மாட்டேன்" என்றாய். நான் கை கழுவப் போவதுபோல் கீழே இறங்கிவிட்டேன். சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஒருமுறை கழுவிவிட்டேன் என்று உன் அம்மா கவனித்திருக்கிறாள். பிறகு கேட்டாள்.

உன் கையைப் பற்றி உனக்கு நினைவில்லாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு சனிக்கிழமை கடைக்குக் கூட்டிப் போனேன். ஒரு வாரமாக வியாபாரம் படுத்துக் கிடந்தது. நீ கல்லாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாய். காலையில் முதல் ஆளாக வந்த ஒருவர் வால்வு வாங்கினார். விளையாட்டாக அவரிடம், "பையன் கையில குடுங்க, போணி ஆகட்டும்" என்றேன். அன்றைக்கு மட்டும் நான்கு மோட்டார் போனது. அதற்கப்புறம் சனிக்கிழமை என்றால் போணி உன் கையால்தான். பள்ளி விடுமுறை விட்டால் தினமும் நீதான். திருநீர்மலைப் பக்கத்திலிருந்து வரும் பிளம்பர் ஒருவர், "சின்ன மொதலாளி வரட்டும், நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று காத்திருப்பார். உன் அம்மா டீச்சர் அல்லவா, விடமாட்டாள். "ஞாயித்துக்கெழம சர்ச்சுல ஆமென், சனிக்கெழம கடைல கைராசியா? சர்ச் ஐயர்கிட்ட சொல்லட்டுமா?" என்பாள். "ஐயர் வீட்டு மோட்டார் ரிப்பேரானா அவரும் நல்ல நேரம் பாத்துதான் போன் பண்றார்" என்று நான் சொல்வேன். கைராசி உண்டா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உண்டு என்று உன்னை நம்ப வைத்தவன் நான். அது மட்டும் தெரியும்.

பத்தாம் வகுப்பு முடித்ததும் கம்ப்யூட்டர் கேட்டாய். கடையில் கட்டி முடித்தது வேண்டாம், பாகம் பாகமாக வாங்கி நானே மாட்டுவேன் என்றாய். கேம்ப் ரோடு பக்கம் அன்வர் பாய் கம்ப்யூட்டர் கடையில், அந்த மரஸ்டூலில் உட்கார்ந்து, பதினைந்து வயதுப் பையன், ஒரு முழு மத்தியானம் மாட்டினாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ப்ராசஸரை வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டாய். முப்பது வயது மெக்கானிக்கிடம் நான் பார்க்காத நிதானம் அது. மாட்டி முடித்து பட்டனை அழுத்தியதும் முதல் தடவையே திரை வந்துவிட்டது. பாய் என்னைப் பார்த்து, "சார், தம்பிய எனக்குக் குடுத்துடுங்க, கடைய அவர் பேர்ல எழுதிர்றேன்" என்றார். அப்புறம் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் நீ போய் எழுப்புவாய். அவர்கள் கொடுத்ததைச் சேர்த்துத்தான் கேம் ஆட அந்தக் கிராபிக்ஸ் கார்டை வாங்கினாய். நான் ஒரு ரூபாய் தரவில்லை. வெள்ளம் வந்த டிசம்பரில் முதல் ஆளாக அந்தப் பெட்டியைத்தான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாய். கடையில் என் சரக்கு முங்கிக் கிடக்கும் எரிச்சலில் உன்னைத் திட்டினேன். அந்தத் திட்டுக்கு இப்போது வருத்தமில்லை. அது நியாயமான திட்டு, உன் அம்மாவின் மாத்திரைகள் கீழேதான் இருந்தன.

பன்னிரண்டாம் வகுப்பு காலாண்டில் உன் கணக்கு மார்க் பாதியாக இறங்கியது. நீ படிக்கும் பள்ளியிலேயே உன் அம்மாவும் வேலை செய்தாள். ஸ்டாஃப் ரூமில் உன் கணக்கு வாத்தியார் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார், "டீச்சர் பையனே இப்படின்னா?" என்று. வீட்டுக்கு வந்து இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அவள் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டே இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன்னைக் கூப்பிட்டு, "டேய், கேம் ஆடினது போதும், அந்தப் பொட்டிய மூடி வை" என்றேன். "சரிப்பா" என்றாய். மறுநாள் மூடவில்லை. அதட்டியிருக்கலாம். வயரைப் பிடுங்கி, "பரீட்சை முடியற வரைக்கும் கிடையாது" என்று நேராகச் சொல்லியிருக்கலாம். நீ இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய், வீட்டில் சண்டை நடக்கும், அவ்வளவுதான். அந்தச் சண்டைக்குப் பயந்தேன். வெள்ளத்துக்கு அப்புறம் கடையைத் தூக்கி நிறுத்துவதற்கே உடம்பில் தெம்பு இல்லை, வீட்டுக்கு வந்தும் சண்டையா என்று நினைத்தேன். உன் முகத்தில் நான் கெட்டவனாகத் தெரியாமல் காரியம் ஆக வேண்டும். எந்த வியாபாரிக்கும் உள்ள ஆசைதான்.

ஒரு திங்கட்கிழமை நீ பள்ளிக்குப் போனதும் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி பாய் கடைக்குக் கொண்டுபோனேன். "இந்தக் கார்டக் கழட்டிடுங்க பாய், பொட்டி ஓடட்டும், கேம் மட்டும் ஓடக் கூடாது. கார்டு எரிஞ்சு போச்சுன்னு பையன்கிட்ட சொல்லணும்." பாய் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "இன்னா சார், புள்ள சொந்தக் காசுல வாங்கினது. நீங்களே கழட்டி வையுங்க, வாணான்னு சொல்லல. எரிஞ்சுதுன்னு ஏன் சார் பொய்?" என்றார். நான் அவர் வீட்டுப் போருக்கு மோட்டார் போட்டுக் கொடுத்தவன், சிக்கலான நேரத்தில் போய் நின்றவன். அதை வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரியும்படி நின்றேன். அவர் கழற்றிக் கொடுத்தார். நியூஸ் பேப்பரில் சுற்றிக் கடை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

சாயங்காலம் நீ வந்தாய். "சாமு, மதியம் நான் போட்டுப் பாத்தேன், திரை வரல. பாய்கிட்ட கொண்டுபோனேன். கார்டு எரிஞ்சுடுச்சாம்" என்றேன். நீ என்னைத்தான் சந்தேகப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். அதற்கு இரண்டு பதில் தயாராக வைத்திருந்தேன். நீ என்னைச் சந்தேகப்படவே இல்லை. முகம் வெளுத்துப்போய் நின்றாய். "நான்தான்பா. நேத்து கார்டக் கழட்டி பிரஷ் போட்டுத் தூசி தட்டினேன். கைல ஸ்டாட்டிக் கரண்ட் இருந்திருக்கும். என் கையாலதான் போச்சு. சாரிப்பா" என்று அழுதாய். பதினேழு வயது, மீசை அரும்பிவிட்டது, அப்படி அழுதாய். உன் காசில் வாங்கியதை நீயே கெடுத்துக்கொண்டதாக நினைத்து, என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். அந்த ஒரு நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் தோளைத் தட்டி, "சரி விடு, பரவால்ல" என்றேன். மன்னித்தேன், சாமு. நான் உன்னை மன்னித்தேன். அதோடும் நிற்கவில்லை. நீ மறுபடி எதையாவது வாங்கி மாட்டிவிடக் கூடாதே என்று, "இனிமே எதையும் தொறக்காத. இந்த விஷயத்துல உனக்குக் கைராசி இல்ல" என்றேன்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று தேவைப்பட்டது. அடுத்த மாதமே, "வேற கார்டுக்குச் சேத்து வைக்கிறேன்" என்று நீ ஆரம்பித்தாய். உடனே பாயிடம் போய், போர்டும் கெட்டுவிட்டது, எந்தக் கார்டு போட்டாலும் எரிக்கும் என்று உன்னிடம் சொல்லச் சொன்னேன். அதையும் அவர் சொன்னார். உன் முகத்தைப் பார்க்காமல் வேறு எதையோ கழற்றிக்கொண்டே சொன்னார் என்று எனக்கு ஞாபகம். நீ அவரை நம்பினாய், என்னை நம்பினாய், உன்னை மட்டும் நம்பாமல் விட்டாய். அந்தச் சனிக்கிழமை நீ கடைக்கு வரவில்லை. கேட்டதற்கு, "என் கை வேணாம்பா" என்றாய். பரீட்சை நேரம், படிக்கட்டும், நல்லதுதான் என்று நினைத்தேன். அதற்கப்புறம் இன்றுவரை என் கடையில் நீ போணி செய்யவில்லை. அந்த பிளம்பர் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு விட்டுவிட்டார்.

மார்க் ஏறியதா என்றால், அதையும் சொல்லிவிடுகிறேன். ஏறவில்லை. பொதுத்தேர்வில் கணக்கில் காலாண்டைவிட நான்கே மார்க்தான் கூடுதலாக வாங்கினாய். நீ புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாயே தவிர அங்கே இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் எடுப்பாய் என்று பாய் உட்பட எல்லோரும் நினைத்தோம். நீ கையால் எதையும் தொடத் தேவையில்லாத படிப்பாகப் பார்த்து எடுத்தாய். நாவலூரில் நல்ல வேலை, நல்ல சம்பளம், பெனிட்டா மாதிரி ஒரு பெண். கெட்டுப் போய்விட்டாய் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கார்டு உன் கையிலேயே இருந்திருந்தால் நீ வேறு மாதிரி ஆகியிருப்பாய் என்று கதை கட்டவும் நான் தயாராக இல்லை. அப்படி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னால் கல்யாணத்தில் நான் ஒன்றைப் பார்த்தேன். ஐயர் ஜெபித்து தாலியை உன் கையில் கொடுத்தார். முதல் முடிச்சிலேயே உன் கை நின்றது. பின்னால் நின்ற அத்தையைத் திரும்பிப் பார்த்து, "நீங்க போட்டுடுங்க அத்தை, என் கை சரியில்ல" என்றாய். மைக் பக்கத்தில் இருந்ததால் சபை முழுக்கக் கேட்டது, எல்லோரும் சிரித்தார்கள். நான் முதல் வரிசையில் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தேன். வாரா வாரம் சபையில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறேன். இதை மட்டும் அந்தப் பட்டியலில் நான் ஒரு நாளும் சேர்த்ததில்லை. பிள்ளை நல்லதுக்குச் செய்தது எப்படிப் பாவமாகும் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வாதம் தீர்ந்துபோனது.

செவ்வாய்க்கிழமை சப்வேயைத் தாண்டி பாய் கடைக்குப் போனேன். முழங்காலுக்கு அந்தப் படி ஆகவில்லை, நடுவில் இரண்டு தடவை நின்றேன். பாய்க்கும் தாடி முழுக்க வெள்ளை.

"இன்னா சார், வழி தெரிஞ்சு வந்தீங்களா, தெரியாம வந்தீங்களா?" என்றார்.

"பையன் கம்ப்யூட்டர் விஷயம் பாய். பழசையே சரி பண்றதா, புதுசு போடறதான்னு கேக்கறான்."

"அதே பொட்டியா? இன்னும் ஓடிகினு கீதா?" என்று ஆச்சரியப்பட்டார். அப்புறம் நேராக விஷயத்துக்கு வந்தார். "பத்து வருஷ போர்டு சார். அதுல ஒக்கார்ற ப்ராசஸர் இப்போ செகண்ட்ஸ்லதான் கெடைக்கும். புது ஓ.எஸ். ஏறாது. பெருசா ஒரு கார்டு வாங்கி மாட்டினா, கார்டு ஓடறதுக்கு ரெடியா நிக்கும், ப்ராசஸர் மூச்சு வாங்கிகினு குந்திடும்."

எனக்கு அது உடனே புரிந்தது. அரை இஞ்ச் குழாயில் இரண்டு குதிரைசக்தி மோட்டாரை மாட்டுவது மாதிரி. மோட்டார் நல்லதுதான், தண்ணீர் வராது.

"அப்ப புதுசுதானா?"

"புதுசுதான். ஆனா ராம் வெல கேட்டா பேஜாராயிடுவீங்க. நாளுக்கு நாள் ஏறிகினு கீது. பழைய ராம் புது போர்டுல ஒக்காராது, அதையும் சொல்லிட்றேன். கேபினட் வெச்சுக்கோங்க, மானிட்டர் வெச்சுக்கோங்க. எஸ்.எம்.பி.எஸ். மேல மட்டும் பாசம் காட்டாதீங்க. பத்து வருஷ பவர் சப்ளை, போற அன்னிக்குப் புது போர்டையும் இட்டுகினு போயிடும்."

கேட்டுக்கொண்டேன். எழுந்திருக்கும்போது மெதுவாகக் கேட்டார், "சார், அந்தக் கார்டு?"

"இருக்கு."

"வித்துட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார். "சொல்லாமலே வுட்டுடலாம் சார். சொன்னாலும் புதுசுதான், சொல்லாட்டியும் புதுசுதான்" என்றார். "ஏதாச்சும் மாறப் போவுதா?"

"கடையிலயே மாட்டித் தரச் சொல்றான் பாய். தொட மாட்டானாம்."

பாய் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார். "இந்த ஸ்டூல்ல குந்திகினுதான் மாட்டினாரு. நான் ஸ்க்ரூ எடுத்துக் குடுத்தேன், அவ்ளோதான். நான் மாட்டித் தர மாட்டேன் சார். எவ்ளோ குடுத்தாலும் மாட்டித் தர மாட்டேன்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. உண்மையைச் சொன்னாலும் உன் கேள்விக்குப் பதில் மாறாது. நான் செய்த தப்பு இன்றைய விலைப்பட்டியலில் ஒரு பைசாவைக்கூட ஏற்றவோ இறக்கவோ போவதில்லை. அதனாலேயே மூடி வைத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு உடம்பு அசந்துபோகிறது, சாமு. கடையில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் எந்தப் பேரத்துக்கும் ஈடு கொடுக்க முடிவதில்லை, கேட்ட விலைக்குக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். இந்த வயதில் புதிதாக ஒரு மனஸ்தாபத்தை விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்றுதான் தோன்றியது. நேற்று சாயங்காலம் உன் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கும் இதுவரை தெரியாது. கேட்டு முடித்துவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு, "என் மானத்துக்காகச் செஞ்சேன்னு சொல்லாதீங்க. நான் கேக்கல" என்றாள். கொஞ்சம் கழித்து, "கார்ட எடுத்து வச்சிக்கிட்டதுகூடப் போகட்டும். அவன் சொன்ன சாரிய எப்படிங்க வாங்கி வச்சிக்கிட்டீங்க, ஒம்போது வருஷம்?" என்றாள். இன்று காலை டீ மட்டும் வந்தது.

அவள் சொன்னதையே உனக்குப் புத்திமதியாகத் தருகிறேன், இதைவிட நல்லது என்னிடம் இல்லை. இப்போது நீ குடும்பஸ்தன். வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் சாரி சொல்லிக்கொண்டுதான் இருப்பீர்கள். பெனிட்டா உன்னிடம் மன்னிப்புக் கேட்டால், வாங்குவதற்கு முன்னால் அது உனக்கு வர வேண்டியதுதானா என்று ஒரு தடவை பார். உன்னுடையது இல்லை என்றால் அந்த நிமிஷமே திருப்பிக் கொடுத்துவிடு. வைத்திருந்தால் அது உனக்கும் பயன்படாது, கொடுத்தவருக்கும் குறைந்துகொண்டே போகும். சண்டைக்குப் பயந்து தந்திரம் செய்யாதே. சண்டை இரண்டு நாளில் தீரும்.

இப்போது உன் கேள்வி. புதுசு போடு. பழைய போர்டில் ஒரு ரூபாயும் போடாதே, அது கார்டை எரிக்கும் என்பதற்காக இல்லை, அதற்கு வயதாகிவிட்டது என்பதற்காக. கேபினட், மானிட்டர், கீபோர்டு, போன வருஷம் நீ வாங்கிய ஹார்ட் டிஸ்க், இவை போதும். எஸ்.எம்.பி.எஸ். புதுசு வாங்கு. கடையில் இருப்பதிலேயே பெரிய கார்டை வாங்காதே. வாரத்தில் இரண்டு நாள் நண்பர்களோடு விளையாடத்தானே கேட்கிறாய், அந்த மானிட்டரில் தெரிகிற அளவுக்கு ஒன்று போதும், மீதியை வீட்டுக்கு வை. ராம் இப்போதைக்கு ஒன்று வாங்கி, இன்னொரு இடத்தைக் காலியாக விடு, விலை இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பழசை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதே. கொஞ்ச நாள் இருக்கட்டும்.

மாட்டுவது நீதான். நாளைக்கு மறுநாள் வேண்டாம், ஞாயிறு பாய்க்கு லீவு. அடுத்த சனிக்கிழமை காலையில் நம் கடை திறக்கிற நேரத்துக்கு வா. பாய் சாமான்களோடு வந்துவிடுகிறேன் என்கிறார், ஸ்டூலையும் கொண்டுவருவாராம். கவுண்டரைக் காலி பண்ணி வைக்கிறேன். போணி ஆகிற வரைக்கும் நான் யாருக்கும் பில் போடமாட்டேன். வரப் பிடிக்கவில்லை என்றால் வராதே, கோபம் இருந்தால் இருக்கட்டும், அது உனக்கு வர வேண்டியது. உன் சாரியை மட்டும் இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னுடையதை நேரில்தான் சொல்ல முடியும், எழுத வரவில்லை. நான்கு தடவை எழுதி அடித்துவிட்டேன்.

வந்தால், புதுசில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய். பழைய பெட்டியை மாடியிலிருந்து இறக்கிக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். பீரோவில் இருக்கும் கார்டை அதே நியூஸ் பேப்பரோடு எடுத்து உன்னிடம் தருகிறேன், பழைய போர்டிலேயே ஒரு தடவை மாட்டி பட்டனை அழுத்து. ஓடுமா ஓடாதா என்று எனக்குத் தெரியாது. பாய் பார்த்துச் சொல்கிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். திரை வந்தால் நல்லது. வராவிட்டால், அது என் பீரோவில் செத்தது. உன் கையில் இல்லை.

அப்பா